எட்டாவது மாங்காய்

"அக்கா, சேம் டு சேம் வேணும்" என்று எழுதி ஒரு படத்தை அனுப்பிவிடுவார்கள். பார்த்தால் எங்கோ குளிர்நாட்டில் ஒருத்தி செய்த ஐந்தடுக்குக் கேக்காக இருக்கும். அங்கே கிரீம் உருகாது. இங்கே செந்தூலில், ஏழாவது மாடியில், மத்தியான வெயில் நேராகச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் வீட்டில், வெண்ணெயைப் பத்து நிமிஷம் வெளியே வைத்தால் தண்ணீர். "செய்யலாம், ஆனா அப்படியே வராது" என்று பதில் போடுவேன். "பரவால்லக்கா, ஆனா சேம் டு சேம்" என்று திரும்ப வரும். எரிச்சல் தலைக்கு ஏறும். போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

எனக்கும் ஒரு கர்வம் இருந்தது. அதை மறைத்துவிட்டு இதைச் சொல்ல முடியாது. கலர் விஷயத்தில் இந்தப் பக்கத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் கேக் கேட்டாலும் படத்தை மட்டும் நம்ப மாட்டேன். "போன்ல கலர் பொய் சொல்லும் லா, பொருளக் கொண்டாங்க" என்பேன். கொண்டு வருவார்கள். பிள்ளையின் பொம்மை பஸ், கல்யாணப் பெண்ணின் ரவிக்கைத் துணி, ஒரு தடவை வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த சுண்ணாம்புத் துண்டுகூட வந்தது. பொருளை மேசையில் வைத்து, பக்கத்தில் கேக்கின் மேல் போர்த்துகிற சீனிமாவை வைத்து, சொட்டுச் சொட்டாகக் கலரைச் சேர்த்துப் பிசைந்துகொண்டே போவேன். இரண்டும் ஒன்றாகிற அந்த நேரத்துக்காகத்தான் இந்தத் தொழிலையே செய்கிறேன் என்று சொன்னால் பொய்யில்லை. அதைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர்கள் "ஐயோ, எப்படிக்கா" என்பார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு அக்கா கேக் கேட்டு முதலில் படம்தான் அனுப்பினார். கட்டிலில் மடித்து வைத்த ஒரு பட்டுப்புடவை. படம் மங்கலாக இருந்தது, கரை மட்டும்தான் தெரிந்தது. பின்னாலேயே ஒரு குரல் செய்தி. அவர் சுங்கை வேயில் இருப்பதாகவும், தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பதாகவும், தன் மகளுக்கு இருபத்தொன்றாவது பிறந்தநாள் வருவதாகவும் சொன்னார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "என் மகள்னு சொன்னேனே, எங்கக்கா மக. அக்கா தவறிட்டாங்க, புள்ளைக்கு மூணு வயசு இருக்கும்போது. நான்தான் வளர்த்தேன். இது அக்கா கல்யாணப் புடவை. அன்னிக்கு அவ இததான் கட்டப்போறா. கேக்கும் இதே மாதிரி இருந்தா நல்லாருக்கும்னு எனக்கு ஒரு ஆசை" என்றார்.

"புடவையக் கொண்டாங்கக்கா" என்று எழுதினேன்.

உடனே பதில் இல்லை. சாயந்திரம்தான் வந்தது. "போட்டோ நல்லா எடுத்து அனுப்புறேனே, போதாதாம்மா? இத நான் வெளிய எடுக்கிறதே இல்ல."

நான் என் வழக்கமான பாட்டைப் பாடினேன். போன் பொய் சொல்லும். மஞ்சளில் மட்டும் நூறு மஞ்சள் உண்டு. மூன்று நாள் என்னிடம் இருந்தால் போதும், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "நம்பிக்கை இல்லன்னா வேற ஆளப் பாருங்கக்கா." அந்த வரியை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

அடுத்த நாள் கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒடிசலான உடம்பு, கேன்டீன் வேலை முடிந்த கையோடு ரயிலேறி வந்திருந்தார். தலையணை உறைக்குள் புடவை. என் மேசையை ஒரு தடவை தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் வெளியே எடுத்தார். நான் அதற்கு முன்பே துடைத்திருந்தேன் என்பதால் கொஞ்சம் கோபம்கூட வந்தது. விரித்தார். மாம்பழ மஞ்சள் என்றால் அப்படி ஒரு மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை. முந்தானை தொடங்கும் இடத்தில், தோளில் வந்து விழும் பக்கம், ஒரு வரிசை ஜரிகை மாங்காய்.

"நீங்க கட்டிருக்கீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"நானா? ஒரு தடவைகூட இல்ல. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்ப மாத்தி வெப்பேன். அவ்ளோதான்." மடித்து வைத்துவிட்டு எழுந்தவர் கதவருகே நின்று, "எண்ணெய் கிட்ட வெச்சிறாதீங்க, என்ன?" என்றார்.

"எனக்குத் தெரியாதாக்கா" என்றேன்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பட்டர் பேப்பரை முந்தானை மேல் வைத்து, பென்சிலால் மாங்காய் வரிசையைப் படியெடுத்தேன். ஏழு மாங்காய். அதை அப்படியே நடு அடுக்கின் முகப்பில் வைப்பது என்று திட்டம். மஞ்சளைப் பிடித்துவிட்டேன். அந்த மஞ்சள் கிடைத்தபோது சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அரக்கு. அரக்கைப் பிடிப்பது கஷ்டம். சிவப்பு, கொஞ்சம் பழுப்பு, துளி கறுப்பு, அதன் பிறகு ஒரு சொட்டு ஊதா. பல்குச்சியின் நுனியில் ஜெல் கலரை எடுத்து, அந்த நிறம் சரியா என்று பார்க்க, புடவைக் கரைக்கு மேலேயே கையைக் கொண்டுபோனேன். மாவுத் தட்டைப் புடவையிடம் கொண்டுபோகலாம், குச்சியைக் கொண்டுபோகக் கூடாது. இது நான் வகுப்பு எடுக்கும்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். அன்றைக்கு அவசரமும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. வெறும் மெத்தனம்.

ஒரு சொட்டு. ஏழாவது மாங்காய்க்குப் பக்கத்தில், கரைக்கு முன்னால் இருந்த வெற்று மஞ்சளில் விழுந்தது. ஒரு மிளகு அளவுதான்.

அப்படியே விட்டிருந்தால் மிளகு அளவோடு நின்றிருக்கும். நான் ஈரத் துணியை எடுத்தேன். ஜெல் கலருக்குத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்த கையே துடைத்தது. அது ரோஸ் நிறமாகப் பரவி ஐம்பது காசு அளவானது. எலுமிச்சை தேய்த்தேன், வினிகர் தேய்த்தேன், பாத்திரம் கழுவுகிற சோப்பைக்கூடத் தொட்டு வைத்தேன். கடைசியில் ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு, வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கறை படிந்து நின்றது. மின்விசிறிக்கு அடியில் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது அவருக்காக அழுத அழுகை இல்லை. என்னை என்ன சொல்வார்கள் என்ற அழுகை.

போன் பக்கத்திலேயே இருந்தது. அவரைக் கூப்பிட்டிருக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் பட்டுப்புடவைக்கென்றே சலவைக்காரர் இருக்கிறார், எனக்குத் தெரிந்தவர்தான், அவரிடம் ஓடியிருக்கலாம். விருந்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், என் பெட்டியிலிருந்து தங்கத் தூளை எடுத்தேன்.

கேக்கின் மேல் ஜரிகை வரைய நாங்கள் பயன்படுத்துகிற தூள் அது, சாப்பிடக்கூடியது. எலுமிச்சை எசன்ஸில் குழைத்து மெல்லிய தூரிகையால் வரைந்தால், எசன்ஸ் காற்றில் போய்விடும், தங்கம் நின்றுவிடும். ஏழாவது மாங்காய்க்கும் கரைக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்ததல்லவா, கறை சரியாக அங்கேதான் இருந்தது. நெய்தவன் எனக்காக விட்டு வைத்த இடம் என்றுகூட அப்போது தோன்றியது. அங்கே இன்னொரு மாங்காய் வரைந்தேன். உள்ளே பூ, வெளியே மணிமணியாகப் புள்ளி, மூக்கில் ஒரு வளைவு. இரண்டு மணி நேரம். காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். எது நெய்தது, எது வரைந்தது என்று எனக்கே தெரியவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதைப் போட்டோகூட எடுத்தேன்.

மூன்றாம் நாள் அந்த அக்கா வந்தபோது, புடவையை நானே மடித்து, நடுவில் மெல்லிய தாள் வைத்து, தலையணை உறைக்குள் போட்டு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையும் போட்டு வைத்திருந்தேன். பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். அவரோ அதைப் பார்த்து, "ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லி, தன் கையால் பொரித்த கறிபாப் பலகாரம் ஒரு டப்பா கொடுத்தார். அவர் போன பிறகு நான்கு கறிபாப் தின்றேன். தொண்டையில் அடைக்கவில்லை. நன்றாகவே இறங்கியது.

விருந்து சனிக்கிழமை மத்தியானம், கிள்ளானில் ஒரு மண்டபத்தில். அடுக்குக் கேக் என்றால் நான் வெட்டும்வரை நிற்பேன். உள்ளே தாங்கு குச்சிகள் இருக்கும். வெட்டுவதற்கு முன் அவற்றை உருவ வேண்டும், இல்லையென்றால் யார் பல்லிலாவது சிக்கும். கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றேன். கேக் நன்றாக வந்திருந்தது. மஞ்சள் அதே மஞ்சள், அரக்கு அதே அரக்கு, முகப்பில் ஏழு மாங்காய், உச்சியில் சீனியால் செய்த பெரிய சாவி. இருபத்தொன்றானால் வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம்; சாவி இல்லாமல் ஒரு கேக் இருந்தால் வந்தவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

பெண் வந்தாள். அந்தப் புடவையில். கூடத்தில் இருந்த வயதான பெண்கள் இரண்டு மூன்று பேர் ஒரேயடியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அப்படியே அவங்கம்மா" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. அந்த அக்கா அவளுக்குப் பின்னால் நின்று முந்தானையைச் சரி செய்துகொண்டே வந்தார். அவரோ சாதாரணமான ஒரு பச்சைச் சேலை கட்டியிருந்தார். கேக்கைப் பார்த்ததும் பெண் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். திரும்பி, சின்னம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் முகம் அவள் தோளில் புதைந்தது. இறுக்கமான பிடி. கொஞ்ச நேரம் விடவில்லை.

விட்டபோது அந்த அக்காவின் கன்னம் முழுக்கத் தங்கமாக இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். "கேக்கை அதுக்குள்ள தின்னுட்டீங்களா?" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். பெண்ணின் தோழி ஒருத்தி, "ஏய், உன் சாரில கிரீம் ஒட்டிருக்கு" என்று ஈரத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல மனசோடுதான் வந்தாள். நான் "வேண்டாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரே துடைப்பில் பாதி மாங்காய் போய்விட்டது. இரண்டாவது துடைப்பில் ரோஸ் கறை.

"சின்னம்மா, என்ன இது?" என்றாள் பெண்.

அந்த அக்கா கறையைப் பார்த்தார். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். பிறகு திரும்பிக் கேக்கைப் பார்த்தார், ஏனென்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக எல்லாம் இல்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. நான் கத்தியைப் பார்த்துக்கொண்டேன்.

"நான்தான்மா" என்று அவர் சொல்வது கேட்டது. "சாமி ரூம்ல வெச்சிருந்தேன்ல, குங்குமம் கொட்டிருச்சு. உன்கிட்டச் சொல்லல."

"அது மேல என்னத்தப் பூசிவெச்சீங்க?"

"தெரியாமப் பண்ணிட்டேன்."

பெண் மேற்கொண்டு கேட்கவில்லை. வந்தவர்கள் முன்னால் கேட்கக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். பக்கத்து அறைக்குப் போய், யாரோ ஒரு தோழி கொண்டு வந்திருந்த நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். புடவையில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. சாவி கொடுக்கிற நேரம் வந்தது. தங்கத் தாள் ஒட்டிய பெரிய சாவியைச் சின்னம்மா நீட்ட, அவர் முகத்தைப் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டாள். நான் குச்சிகளை ஒவ்வொன்றாக உருவினேன். கேக் வெட்டினார்கள். "சூப்பர் ஆன்டி" என்றார்கள். இரண்டு பேர் என் கார்டு கேட்டார்கள். கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பலவிதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கூட்டம். பிறந்தநாள். அவரே ஒரு காரணம் சொன்ன பிறகு நான் எப்படி மறுத்துப் பேசுவது. எல்லாம் சப்பைக்கட்டு. என் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அன்று காலையில் வீட்டிலேயே எடுத்து வைத்திருந்த கேக்கின் படத்தை, இரண்டு நாள் கழித்து என் இணையப் பக்கத்தில் போட்டேன். 'அம்மாவின் புடவையிலிருந்து ஒரு கேக்' என்று எழுதினேன். நான் போட்ட படங்களிலேயே அதற்குத்தான் அதிக இதயங்கள் விழுந்தன. அழுகிற முகங்களைப் போட்டார்கள். ஒருத்தி "நீங்க செய்றது கேக் இல்லக்கா, அன்பு" என்று எழுதினாள். அதற்கு நன்றி சொல்லிக் கைகூப்புகிற படம் வேறு போட்டேன்.

பிறகு அந்தப் படம் எனக்கே திரும்பி வரத் தொடங்கியது. ஜெஞ்சாரோமிலிருந்து ஒருத்தி முதலில் அனுப்பினாள். "அக்கா, சேம் டு சேம்." என்னுடைய கேக்கை எனக்கே அனுப்பி. செய்து கொடுத்தேன். அடுத்து இன்னொருத்தி. அதற்கும் செய்தேன். மூன்றாவது படம் வந்தபோது மாவைப் பிசைய உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. அந்த மஞ்சள் எனக்கு இப்போது மனப்பாடம், எந்தப் புடவையும் தேவையில்லை. மாவை மூடி வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் பதில் எழுதவில்லை. விருந்து முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் சுங்கை வேக்குப் போனேன்.

கேக் எதுவும் எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன், அந்தப் புத்தி எனக்கு அப்போதும் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அக்கா வீட்டு முன்கூடத்தில் தரையில் பேப்பர் விரித்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். "வாங்கம்மா" என்றார், ஆச்சரியப்படாமல். நாற்காலியைக் காட்டினார். நான் தரையிலேயே உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். சொட்டு விழுந்தது, துடைத்தது, வரைந்தது, மண்டபத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம். அவர் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளி ஒரு பக்கம், உடம்பை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"எலுமிச்சை வாசனையா?"

"அதுவும்தான். ஆனா அதுக்கு முன்னாலயே. அன்னிக்குக் காலையில அவளுக்குக் கட்டிவிடும்போது எண்ணினேன், எட்டு இருந்துச்சு. ஏழுதான் எனக்குத் தெரிஞ்சு. அவளுக்குச் சின்னதுல ஒண்ணு ரெண்டு சொல்லிக்குடுத்ததே அந்த மாங்காவ வெச்சித்தான். ஏழு வரைக்கும் அப்படித்தான் கத்துக்கிட்டா. அப்புறம் எப்படி எட்டு? எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்கக்காவோடதுன்னு வெச்சிருக்கிறது அது ஒண்ணு, அதக்கூட ஒழுங்கா ஞாபகம் வெச்சிக்கலையே நானுன்னு." ஒரு நெத்திலியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சம் நிறுத்தினார். "மண்டபத்துல அந்தக் கேக்கு மேல பாத்தேன். ஏழு இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. சரி, நான் மறக்கல."

எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

"அப்புறம் ஏங்க்கா பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"நல்ல நாளும் அதுவுமா அங்க என்ன சண்ட போடச் சொல்றீங்க? நீங்களே சொல்வீங்கன்னு உங்களப் பாத்தேன். நீங்க கத்தியப் பாத்துக்கிட்டிருந்தீங்க. சரி, நாளைக்குச் சொல்வாங்க, ரெண்டு நாள் கழிச்சுச் சொல்வாங்கன்னு இருந்தேன். அப்புறம் அந்தக் கேக்கு படம் வந்துச்சு. அவளே காட்டினா."

பெண் எங்கே என்று கேட்டேன். சுபாங்கில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள் என்றார். "வேலைக்குப் பக்கமாம். விருந்து முடிஞ்சு மறு மாசமே போயிட்டா." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுதும்மா? எனக்குத்தான் தெரியுமே. அவகிட்டச் சொல்லுங்க" என்றார். பேப்பரிலேயே விரலைத் துடைத்துவிட்டு, தன் போனில் அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு என் முன்னால் வைத்தார்.

"என்ன சின்னம்மா, நான் வேலையில இருக்கேன்" என்றது போன்.

"நான் கேக் செஞ்ச ஆன்டி பேசறேன்மா."

இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பாதியில் இரண்டு தடவை நின்றேன். முடித்தபோது அந்தப் பக்கம் ஏதோ ஒரு மேசைத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"சின்னம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க."

அணைத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அவள் குரல் மிகவும் மெதுவாக வந்தது. "அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் நான் அவங்களப் பாத்து, 'நீங்க எங்கம்மா இல்லல்ல, அதான் உங்களுக்கு அலட்சியம்'னு சொன்னேன் ஆன்டி. அவங்க உள்ள போயிச் சோறு போட்டுக் கொண்டாந்தாங்க." மறுபடி அந்தத் தொலைபேசி அடித்தது. "போனச் சின்னம்மாகிட்டக் குடுங்க."

கொடுத்தேன். அந்த அக்கா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி... சரி லா... நான் அதெல்லாம் மனசுல வெச்சிக்கல... அழாத, ஆபீஸ்ல எல்லாரும் பாக்கப்போறாங்க" என்றார். பிறகு, "சாப்டியா?" என்றார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் கூடத்தில் உட்கார்ந்து, செய்ய ஒன்றுமில்லாமல், மிச்சமிருந்த நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவர் முகம் கழுவியிருந்தார். "ஞாயித்துக்கெழம வர்றாளாம்" என்றார். நான் எழுந்தேன். புடவைக்கு என்னால் ஆனது ஏதாவது செய்கிறேன், பிரிக்பீல்ட்ஸ் சலவைக்காரரிடம் கேட்கிறேன் என்று ஏதேதோ உளறினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் செருப்பை மாட்டும்போது கதவைப் பிடித்தபடி, "அந்த மாங்கா அழகாத்தான் இருந்துச்சும்மா. கை உங்களுக்கு நல்லா வருது. வாய் வர்றதுக்குத்தான் ஒன்பது மாசம் ஆயிருச்சு" என்றார். குத்துவதற்காகச் சொன்ன மாதிரியே இல்லை. பார்த்ததைச் சொன்னார்.

"அந்தக் கேக்கு படத்த இப்பவே எடுத்துடறேங்க்கா" என்றேன், போனை எடுத்துக்கொண்டே. அதையாவது அவர் கண்முன்னால் செய்ய வேண்டும் என்றிருந்தது.

"எடுக்காதீங்க." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் நெத்திலி வாசனை. "நான் எடுத்த போட்டோல கரை மட்டும்தான் இருக்கு. அன்னிக்கு அவ கட்டிக்கிட்டு நின்னத யாரும் எடுக்கல. எங்கக்கா புடவை கறை இல்லாம முழுசா இருக்கிற படம் உங்க கேக்கு ஒண்ணுதான். நான் அப்பப்ப போயிப் பாத்துக்குவேன்."

அதனால் அந்தப் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. யாராவது அதை அனுப்பிச் சேம் டு சேம் என்று கேட்டால், அதை நான் செய்வதில்லை என்று எழுதுகிறேன். ஏன் என்று கேட்டால், அந்தப் புடவையைக் கெடுத்தது நான் என்றும் எழுதுகிறேன்.